தீனிக்கும் உணவுக்கும் நடுவே ஒரு கோடு

மதுரையின் மாலை நேரத் தெருக்களில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் விற்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிந்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சி இறக்குவது அது. அதே பருத்திக்கொட்டைதான் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆட்டுரலில் அரைபட்டுக் கறவை மாட்டின் தொட்டிக்குப் போகிறது. எண்ணெய் எடுத்தபின் எஞ்சும் பிண்ணாக்கும் அங்கேதான் போய்ச் சேர்கிறது. இதில் மனிதருக்கானது எது, மாட்டுக்கானது எது என்று அந்த வீடுகளில் யாரும் கேட்பதில்லை. விதை ஒன்று, வாய்கள் இரண்டு.

அரசாங்கங்களுக்கு இந்த எளிமை வாய்ப்பதில்லை. சட்டம் எழுத உட்கார்ந்ததும் அவை உணவு என்றும் தீவனம் என்றும் இரண்டு பத்திகளாகப் பிரித்துக்கொள்கின்றன. மரபணு மாற்றப்பட்ட பயிர்களின் பாதுகாப்பை மதிப்பிடும் முறைகள் கடந்த முப்பது சொச்சம் ஆண்டுகளில் உருவாகி வந்த கதையைப் படித்துக்கொண்டு போனால், அறிஞர்களும் அதிகாரிகளும் திரும்பத் திரும்ப அந்தப் பிரிகோட்டில்தான் கால் இடறியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. இக்கட்டுரையில் நாம் பின்தொடர விரும்புவது அந்தக் கோட்டை மட்டுமே. இத்தகைய பயிர்கள் வேண்டுமா வேண்டாமா என்ற பட்டிமன்றத்துக்குத் தமிழ் இதழ்களில், குறிப்பாக பி.டி. கத்தரிக்காய் விவாதம் உச்சத்தில் இருந்த 2009, 2010ஆம் ஆண்டுகளில், போதிய பக்கங்கள் ஒதுக்கப்பட்டாயிற்று.

*

ஓர் உணவு பாதுகாப்பானது என்று எப்படிச் சொல்வது? கேட்பதற்குத் தோன்றும் அளவுக்கு எளிதான கேள்வி அன்று இது. பூச்சிமருந்தையோ உணவு நிறமியையோ சோதிக்க ஒரு வழி உண்டு. எலிகளுக்கு அளவைக் கூட்டிக்கூட்டிக் கொடுத்து, எந்த அளவு வரை தீங்கில்லை என்று கண்டறிந்து, அதை நூறால் வகுத்து மனிதருக்கான வரம்பாக வைத்துக்கொள்ளலாம். தக்காளியை அவ்வாறு சோதிக்க இயலாது. நாம் உண்பதைப்போல் நூறு மடங்கு தக்காளியை ஓர் எலிக்குத் திணித்தால், தக்காளியில் நச்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எலி நோயுறும். வேறு சத்து எதற்கும் அதன் வயிற்றில் இடமிராது. தலைமுறைகளாக நாம் உண்டுவரும் பண்டங்களில் பெரும்பாலானவை எந்தச் சோதனைக்கும் உட்பட்டவை அல்ல என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம். உருளைக்கிழங்கில் சொலனைன் உண்டு. மரவள்ளியில் சயனைடு தரும் பொருள் உண்டு. பருத்திக்கொட்டையில் காசிபால் உண்டு. பழக்கம் ஒன்றே அவற்றுக்குக் கிடைத்த சான்றிதழ்.

இந்தச் சிக்கலை முதலில் நேர்முகமாகச் சந்தித்தது கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் இருந்த கால்ஜீன் என்ற நிறுவனம். பழுத்த பின்னும் விரைவில் குழைந்துபோகாத ஃப்ளேவர் சேவர் என்ற தக்காளியை அது உருவாக்கியிருந்தது. தானே முன்வந்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் கதவைத் தட்டிற்று. எலிகளின் இரைப்பைக்குள் குழாய் வழியே தக்காளிக் கூழ் செலுத்தப்பட்டது. ஒரு சோதனையில் சில எலிகளின் இரைப்பைச் சுவரில் சிறு புண்கள் தென்பட்டன. மேலும் சோதனைகள் நடந்தன, மேலும் விளக்கங்கள் கோரப்பட்டன. நிர்வாகத்துக்குள்ளேயே எழுந்த ஐயங்கள் பிற்பாடு ஒரு வழக்கின்போது வெளிவந்த கோப்புகளில் பதிவாகியுள்ளன. முடிவில் அந்தப் புண்களுக்குத் தக்காளி காரணமன்று என்று தீர்மானித்து, 1994 மே 18ஆம் நாள் நிர்வாகம் இசைவு தந்தது. சில ஆண்டுகளிலேயே அந்தத் தக்காளி கடைகளிலிருந்து மறைந்துபோயிற்று. அதற்குக் காரணம் நச்சு அன்று, வணிகக் கணக்கு.

முழு உணவை எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதில் தெளிவு கிடைப்பது அரிது என்பதைத் தக்காளி காட்டிவிட்டது. ஏற்கெனவே வேறொரு வழி வகுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அதுதான் ஒப்பிடுவது. புதிய பயிரை அதன் பழைய உறவினரோடு பக்கத்தில் வைத்து, புரதம், கொழுப்பு, உயிர்ச்சத்து, இயற்கை நச்சு என்று ஒவ்வொன்றாக அளந்து, இரண்டும் சாராம்சத்தில் சமம் என்று கண்டால் பழையதற்கு உள்ள நம்பிக்கையைப் புதியதற்கும் நீட்டலாம். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 1993ல் வெளியிட்ட ஆவணத்தின் வழியாக இந்தச் 'சாராம்சச் சமானம்' உலகெங்கும் வழக்குக்கு வந்தது. சொல்லின் பூர்வீகம் சுவையானது. அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கான 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் புழங்கிய சொல் அது. இதயமுடுக்கியின் வீட்டிலிருந்து உருளைக்கிழங்கின் வீட்டுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது.

எவ்வளவு சமம் என்றால் போதும் என்பதை எவரும் வரையறுக்கவில்லை என்று எரிக் மில்ஸ்டோனும் வேறு இருவரும் 1999 அக்டோபரில் நேச்சர் இதழில் கடுமையாக எழுதினார்கள். அந்தக் கண்டனம் முற்றிலும் வீண்போகவில்லை. 2003ல் கோடெக்ஸ் எனப்படும் உலக உணவு நெறி ஆணையம் வகுத்த வழிகாட்டு நெறிகள், சமானம் என்பது மதிப்பீட்டின் தொடக்கமே தவிர முடிவு அன்று என்று சொல்லின.

நம் பார்வையில் ஒப்பீட்டு முறையின் உண்மையான பயன் வேறொன்று. ஒற்றுமைகளை ஒதுக்கிவிட்டால் வேற்றுமை மட்டும் மேசைமேல் எஞ்சும். அந்த வேற்றுமை பெரும்பாலும் ஒரே ஒரு புதிய புரதம். ஒவ்வாமையைத் தூண்டுபவை பெரும்பாலும் புரதங்களே. ஆகவே கேள்வி சுருங்கிவிட்டது. இந்தப் புரதம் எவருக்காவது ஒவ்வாமையைத் தருமா?

*

இந்தக் கேள்விக்கு ஆம் என்ற விடை தெளிவாகக் கிடைத்த முதல் நிகழ்ச்சி, மனிதர் உண்பதற்காக அல்லாமல் கோழி உண்பதற்காகவே பிறந்த ஒரு பயிரில் நேர்ந்தது.

சோயாவில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு. கோழி வளர்ப்பவர்களுக்கு இது பழகிய செய்தி. தீவன ஆலைகளில் சோயாப் பிண்ணாக்கோடு மெத்தியோனினைத் தனியே வாங்கிச் சேர்ப்பார்கள். அந்தச் செலவை விதையிலேயே தீர்த்துவிடலாம் என்று அமெரிக்காவின் பயனியர் ஹை-பிரெட் நிறுவனம் எண்ணியது. மெத்தியோனின் மிகுந்த ஒரு புரதத்துக்கான மரபணுவைப் பிரேசில் கொட்டையிலிருந்து எடுத்துச் சோயாவில் சேர்த்தது. பிரேசில் கொட்டை சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும் என்பது முன்பே தெரியும். ஆனால் அந்தக் கொட்டையிலுள்ள எண்ணற்ற புரதங்களுள் எது குற்றவாளி என்பது தெரியாது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஜூலி நார்ட்லீ, ஸ்டீவ் டெய்லர் முதலானோரிடம் சோதனை ஒப்படைக்கப்பட்டது. பிரேசில் கொட்டை ஒவ்வாத 9 பேருடைய ரத்த நீரை எடுத்துப் பார்த்தபோது 8 பேருடையது அந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டது. மூவருக்குத் தோலில் கீறிப் பார்த்தபோது புதிய சோயாவுக்குத் தடிப்பு எழுந்தது. சாதாரணச் சோயாவுக்கு எழவில்லை. ஆயிரம் புரதங்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அது குற்றவாளியாகவே இருந்துவிட்டது. இந்த ஆய்வு 1996 மார்ச்சில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று.

ஆதரிப்பவர்கள் இதனைச் சோதனை முறை வேலை செய்ததற்குச் சான்றாகவும், எதிர்ப்பவர்கள் நேரவிருந்த ஆபத்துக்குச் சான்றாகவும் இன்றுவரை எடுத்துக்காட்டுகிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் நமக்கு முக்கியமாகப் படுவது அந்த நிறுவனம் அடுத்து எடுத்த முடிவு. கோழிகளுக்குத்தானே என்று அது வாதாடவில்லை. கோழிக்கென்று விளைந்த சோயா மனிதரின் தட்டுக்கு வந்து சேராமல் தடுக்க உத்தரவாதம் கிடையாது என்று அந்தச் சோயாவையே கைவிட்டது. கோடு காகிதத்தில்தான் இருக்கிறது என்பதை ஒரு வணிக நிறுவனம் 1990களின் நடுவிலேயே புரிந்துகொண்டிருந்தது.

*

அதற்கு இரண்டே ஆண்டுகளுக்குப் பின் ஓர் அரசு நிறுவனம் அந்தக் கோட்டை நம்பி ஒரு முடிவெடுத்ததை நினைக்கும்போது வியப்பே மேலிடுகிறது.

பெல்ஜியத்தின் கென்ட் நகரத்திலிருந்து தொடங்குகிறது இந்தக் கதை. பிளாண்ட் ஜெனடிக் சிஸ்டம்ஸ் என்ற அந்நகரத்து நிறுவனம் ஒரு மக்காச்சோளத்தை உருவாக்கியது. மண்ணில் வாழும் பாசில்லஸ் துரின்ஜியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் ஒரு வகையிலிருந்து எடுத்த கிரை9சி என்ற புரதம் அதில் இருந்தது. தண்டுத் துளைப்பானைக் கொல்வது அதன் வேலை. நிறுவனம் கைமாறி ஆக்ரெவோவிடம் போய், பின்னர் அவெண்டிஸ் என்று பெயர் மாறிற்று. பயிருக்கு வைத்த பெயர் ஸ்டார்லிங்க்.

அமெரிக்காவில் பூச்சியைக் கொல்லும் புரதம் எதுவாயினும் அது சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆளுகைக்குள் வரும். செடிக்குள்ளேயே இருந்தாலும் பூச்சிக்கொல்லி பூச்சிக்கொல்லிதான் என்பது அவர்கள் கணக்கு. முகமை அந்தப் புரதத்தை இரண்டு கேள்விகளால் சோதித்தது. செயற்கை இரைப்பை நீரில் போட்டால் எவ்வளவு நேரத்தில் சிதைகிறது? சூடாக்கினால் என்ன ஆகிறது? ஒவ்வாமை தரும் புரதங்கள் பல, செரிமானத்துக்கும் சூட்டுக்கும் எளிதில் இளகாதவை என்ற பட்டறிவின்மேல் எழுந்த கேள்விகள் இவை. ஏற்கெனவே வயலுக்கு வந்திருந்த பிற பி.டி. புரதங்கள் இரைப்பை நீரில் விரைவாகக் கரைந்துபோயின. கிரை9சி கரையவில்லை. சூட்டையும் தாங்கிற்று. அது ஒவ்வாமை தரும் என்பதற்கு நேரடிச் சான்று ஏதுமில்லை. தராது என்று சொல்லவும் வழியில்லை.

இத்தகைய இடத்தில் ஒரு நீதிபதி சாட்சி போதாது என்று வழக்கை ஒத்திவைப்பார். முகமை 1998 மே மாதத்தில் பாதி அனுமதி தந்தது. ஸ்டார்லிங்க்கைக் கால்நடைத் தீவனத்துக்கும் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கும் விளைவிக்கலாம், மனிதர் உணவுக்கு ஆகாது. ஐயத்தை மாட்டின் தொட்டியில் இறக்கி வைத்துவிட்டு மனிதரின் தட்டைக் காப்பாற்றியாயிற்று என்பது எண்ணம். மற்ற மக்காச்சோளத்தின்மேல் மகரந்தம் படாமல் இருக்க வயலைச் சுற்றி 660 அடி இடைவெளி விடவேண்டும், அந்த இடைவெளியில் விளைவதையும் ஸ்டார்லிங்க்காகவே கருதவேண்டும், இதற்கு உடன்பட்டு விவசாயி கையொப்பமிடவேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. அப்படி எதையும் தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று பிற்பாடு பல விவசாயிகள் கூறினார்கள்.

நிபந்தனைகளை எழுதியவர்கள் அயோவா மாநிலத்தின் ஓர் ஊர்க் களஞ்சியத்தில் அறுவடைக் காலத்தில் ஒரு நாள் நின்று பார்த்திருக்கலாம் என்று தோன்றுகிறது. லாரி வந்து எடை மேடையில் ஏறும். ஈரப்பதம் பார்ப்பார்கள். பிறகு தானியம் பள்ளத்தில் கொட்டப்பட்டு, வாளிப்பட்டையில் ஏறி, வானுயர்ந்த குதிருக்குள் விழும். அந்தக் கணத்தில் அது இன்னாருடைய மக்காச்சோளம், இன்ன விதை என்ற அடையாளம் அழிந்து வெறும் மஞ்சள் மக்காச்சோளம் ஆகிவிடும். அங்கிருந்து ரயிலிலும் படகிலும் ஏறி ஒரு பகுதி பன்றிப் பண்ணைக்கும், ஒரு பகுதி சர்க்கரைப் பாகு ஆலைக்கும், ஒரு பகுதி மாவு ஆலைக்கும், ஒரு பகுதி ஜப்பானுக்கும் போகும். அமெரிக்கத் தானிய வணிகத்தின் மலிவுக்கும் வேகத்துக்கும் காரணம் இந்த அடையாள அழிப்புதான். அதனிடம் போய், இந்த மூட்டையை மட்டும் பிரித்து வை என்று ஒரு காகிதம் சொல்லிற்று.

2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3.5 லட்சம் ஏக்கரில் ஸ்டார்லிங்க் பயிராயிற்று. அமெரிக்க மக்காச்சோளப் பரப்பில் இது அரை சதவீதத்துக்கும் குறைவு.

அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று, மரபணு மாற்ற உணவுகளைப் பற்றிய ஐயங்களை முன்வைத்துவந்த சில அமைப்புகளின் கூட்டணி ஒரு செய்தியை வெளியிட்டது. பேரங்காடியில் வாங்கிய டாகோ பெல் பெயர் தாங்கிய டாகோ ஓடுகளை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் ஸ்டார்லிங்க்கின் மரபணுத் துணுக்கு இருந்தது. விற்றது கிராஃப்ட் நிறுவனம். ஓடுகள் வார்க்கப்பட்டது மெக்சிகோ எல்லையிலுள்ள மெஹிகாலியில். மாவு வந்தது டெக்சஸின் பிளெய்ன்வியூ என்ற ஊரிலிருந்த ஆலையிலிருந்து. கண்டுபிடித்தது அரசு அன்று என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும். கிரை9சி உணவில் இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு எதையும் பாதி அனுமதி தந்தவர்கள் செய்து வைக்கவில்லை. செப்டம்பர் 22 அன்று கிராஃப்ட் தன் ஓடுகளைத் திரும்பப் பெற்றது. அடுத்து வந்த வாரங்களில் 300க்கும் மேற்பட்ட பண்டங்கள் கடைகளிலிருந்து இறங்கின. அக்டோபரில் அவெண்டிஸ் தன் பதிவைத் தானே விட்டுக்கொடுத்தது. ஜப்பானிலும் கொரியாவிலும் அது தென்பட்டதும் அமெரிக்க மக்காச்சோளம் வாங்குபவர்கள் தயங்கினார்கள். களஞ்சியங்களின் வாசலில், கருவுற்றதை அறியப் பயன்படும் பட்டை போன்ற ஒரு சோதனைப் பட்டையோடு ஆட்கள் நின்று லாரி லாரியாகப் பார்த்தார்கள். நவம்பரில், ஸ்டார்லிங்க் அல்லாத வேறொரு விதைக் கலப்பினத்திலும் கிரை9சி இருப்பது தெரியவந்தது. களஞ்சியத்துக்கு வருமுன்பே, விதைப் பையிலேயே கோடு அழிந்திருந்தது.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. மெக்சிகோவில் மக்கள் ரொட்டி சுட விரும்புவது வெள்ளை மக்காச்சோளம். மஞ்சள் அங்கே பெரும்பாலும் கால்நடைக்கு. அமெரிக்க வாடிக்கையாளருக்கோ டாகோ ஓடு பொன்னிறமாக இருக்கவேண்டும். மாட்டின் தானியத்தை மனிதரின் தட்டுக்கு அழைத்துவந்ததில் இந்த நிற ஆசைக்கும் ஒரு பங்குண்டு. மாவு ஆலை இதன் பிறகு வெள்ளைக்கு மாறிக்கொண்டது.

*

எவருக்காவது தீங்கு நேர்ந்ததா?

மக்காச்சோளப் பண்டம் உண்டபின் உடம்புக்கு ஒவ்வவில்லை என்று பலர் முறையிட்டிருந்தார்கள். நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து, அவர்களுள் 28 பேருக்கு ஒவ்வாமை போன்ற ஒன்று நிகழ்ந்திருக்கலாம் என்று தேர்ந்தது. ரத்தம் தந்தவர்களின் மாதிரிகளில் கிரை9சிக்கு எதிரான ஒவ்வாமை எதிர்ப்பொருள் காணப்படவில்லை என்று 2001 ஜூனில் அறிக்கை வந்தது. அடுத்த மாதமே முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழு கூடி, இந்தச் சோதனை முடிவானதன்று என்று சொல்லிற்று. சோதனைக்குப் பயன்படுத்திய கிரை9சி மக்காச்சோளத்திலிருந்து எடுக்கப்பட்டதன்று, பாக்டீரியாவில் வளர்த்தது. செடி தன் புரதத்தின்மேல் சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டவைக்கக்கூடும். பாக்டீரியா அவ்வாறு செய்வதில்லை. உடல் எதிர்வினை காட்டுவது சில வேளைகளில் அந்தச் சர்க்கரைக்காகவும் இருக்கலாம். 2000ஆம் ஆண்டின் இறுதியில் இதே குழு, கிரை9சி ஒவ்வாமைப் பொருளாக இருக்கும் வாய்ப்பு நடுத்தரமானது, ஆனால் மக்கள் உண்டிருக்கக்கூடிய அளவு மிகச் சிறியது என்று கூறியிருந்தது. அந்தக் கருத்தை அது மாற்றிக்கொள்ளவில்லை. உணவில் ஒரு சிறு அளவு கிரை9சி இருக்கலாம் என்று வரம்பு விதிக்கும்படி அவெண்டிஸ் கேட்டதற்கும் இசைவு கிடைக்கவில்லை. முறையிட்டவர்களுள் ஒருவர் தாமே முன்வந்து மருத்துவர்களின் கண்காணிப்பில் அந்த மக்காச்சோளத்தை உண்டு பார்த்தார். ஒன்றும் நேரவில்லை. அது 2003ல் ஓர் ஒவ்வாமை ஆய்விதழில் வெளியாயிற்று.

இதை வெறும் பீதி என்று கடந்துபோகிறவர்கள் உண்டு. நாம் அவ்வாறு நினைக்கவில்லை. பெரும்பாலும் எவருக்கும் தீங்கு நேரவில்லை என்றே தெரிகிறது. ஆயினும் அது மதிப்பீட்டின் வெற்றியன்று, நற்பேறு. கிரை9சியின் இடத்தில் பிரேசில் கொட்டைப் புரதம் இருந்திருந்தால் அதே களஞ்சியங்களும் அதே லாரிகளும் அதையும் இதே வழியாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கும்.

செடி புரதத்தை மாற்றக்கூடும் என்ற குழுவின் தயக்கம் ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதைச் சில ஆண்டுகளில் ஆஸ்திரேலியா காட்டிற்று. அங்கே அரசு ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ., வண்டு துளைக்காத பட்டாணியை உருவாக்க அவரை இனத்துப் புரதம் ஒன்றைப் பட்டாணியில் சேர்த்தது. அவரையிலிருந்து அவரை போன்ற பட்டாணிக்குத்தான் மாற்றம். ஆயினும் பட்டாணிக்குள் உருவான புரதத்தின் சர்க்கரை ஒட்டுகள் வேறாக இருந்தன. சுண்டெலிகளின் உடல் அதற்கு எதிர்வினை காட்டிற்று. 2005ல் ஆய்வு வெளியானதோடு திட்டம் கைவிடப்பட்டது. 2013ல் வேறோர் ஆய்வு, இயல்பான அவரைப் புரதத்துக்கும் சுண்டெலிகள் அதேபோல் எதிர்வினை காட்டுகின்றன என்று கண்டது. இந்தத் துறையில் ஒரு முடிவு நெடுநாள் தனியாக நின்றதில்லை.

ஸ்டார்லிங்க் விவசாயிகளின் வழக்கு 2003ல் 11 கோடி டாலருக்குத் தீர்ந்தது. தானியத்தில் ஸ்டார்லிங்க் சோதனை இனி வேண்டியதில்லை என்று அமெரிக்க அரசு சொன்னது 2008ல். இரண்டு ஆண்டு மட்டும் ஓரளவு பரவலாகப் பயிரான ஒரு விதையை வெளியேற்ற ஏழெட்டு ஆண்டுகள் பிடித்தன.

*

சட்டம் பாடம் கற்றதா என்றால், கற்றது. பாதி அனுமதி இனி இல்லை என்று அமெரிக்க முகமை 2001ல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2003ல் உணவு, தீவனம் இரண்டுக்கும் ஒரே சட்டம் இயற்றியது. உணவாகவும் தீவனமாகவும் பயன்படக்கூடிய பயிர் இரண்டு தகுதியையும் பெற்றால்தான் அனுமதி, ஒன்றுக்கு மட்டும் என்ற பேச்சே இல்லை என்பது அதன் சாரம். கிராஃப்ட் தன் ஓடுகளைத் திரும்பப் பெற்று மூன்றாண்டுகள் கழித்து, அதே செப்டம்பர் 22ஆம் நாளிட்ட சட்டம் அது. தற்செயல்தான், எனினும் குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை.

ஆனால் கோடு அழிந்துவிடவில்லை, இடம் மாறிற்று. அதே ஐரோப்பியச் சட்டத்தின்படி, மரபணு மாற்றப்பட்ட பயிரிலிருந்து பெற்ற உணவின் உறையில் அதைக் குறிப்பிடவேண்டும். அந்தத் தீவனத்தைத் தின்ற மாட்டின் பாலுக்கும் இறைச்சிக்கும் கோழியின் முட்டைக்கும் குறிப்பிட வேண்டியதில்லை. கோடு இப்போது மாட்டின் உடலுக்குள் ஓடுகிறது. விலங்கு புரதத்தைச் செரித்துத் தன்னுடையதாக்கிவிடுகிறது, பாலில் அயல் புரதம் காணப்படவில்லை என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். சோதனைகள் இதைப் பெருமளவு ஆதரிக்கின்றன. எனினும், தாம் உண்பது எதை உண்டு வளர்ந்தது என்று அறிய விரும்புகிறவருக்கு இது விடையாகாது.

*

இனி பருத்திக்கொட்டைக்குத் திரும்புவோம்.

இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு வந்த முதல் மரபணு மாற்றப் பயிர் பருத்தி. 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. அதனை அன்றும் இன்றும் 'உணவல்லாத பயிர்' என்றே அழைக்கிறார்கள். அனுமதிக்கு முன் வெள்ளாடு, பசு, எருமை, கோழி, மீன் ஆகியவற்றுக்கு விதையையோ பிண்ணாக்கையோ கொடுத்து ஆய்வுகள் நடந்தன. அந்த அளவில் தீவனக் கேள்வி கேட்கப்பட்டது. ஆனால் பிண்ணாக்கு மட்டும்தான் தீவனமா? அறுவடை முடிந்த பருத்திக் காட்டில் ஆடுகளை மேயவிடுவது தக்காணத்தின் பழைய வழக்கம். 2006ல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் வாரங்கல் பகுதியில் அவ்வாறு மேய்ந்த ஆடுகள் இறந்ததாகப் புகார் எழுந்தது. பி.டி. புரதத்துக்கும் இறப்புக்கும் தொடர்பில்லை என்று ஒழுங்குமுறைக் குழு முடிவு சொல்லிற்று. முடிவு சரியாகவே இருக்கலாம். கேள்வி, ஆடுகள் இறந்த பிறகு கேட்கப்பட்டது.

உணவின் பக்கம் வந்தால், பருத்தியிலிருந்து மனிதர் உண்பது சுத்திகரித்த எண்ணெய் என்பதே உலகளாவிய ஆவணங்களின் கணக்கு. குஜராத்தில் பருத்தி விதை எண்ணெய் அன்றாடச் சமையல் எண்ணெய். சுத்திகரித்த எண்ணெயில் புரதம் ஏறத்தாழ இராது, ஆகவே அங்கே கவலை குறைவு. பருத்திப்பாலில் இருப்பதோ விதையின் புரதமேதான். இந்தியப் பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் பி.டி. ஆகிவிட்ட நிலையில், மதுரைத் தெருவில் நாம் குடிக்கும் குவளையில் எந்த விதை இருக்கிறது என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. அஞ்ச வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பி.டி. பருத்தியில் பரவலாக உள்ள கிரை1ஏசி, கிரை9சியைப் போலன்றி இரைப்பை நீரில் விரைவில் சிதைவது. பால் வேறு நெடுநேரம் கொதிக்கிறது. அடுத்த முறை மதுரைக்குப் போகும்போது நாமும் குடிப்போம். ஆனால் 'உணவல்லாத பயிர்' என்ற சொல்லை எழுதிய கை அந்தத் தள்ளுவண்டியின் முன் நின்றதில்லை.

இந்தக் கோட்டை ஆய்வகத்திலேயே அழித்துப் பார்த்தவரும் உண்டு. டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் கீர்த்தி ராத்தோர், விதையில் மட்டும் காசிபால் மிகக் குறைந்து, இலையிலும் தண்டிலும் செடியின் தற்காப்புக்காக அது எஞ்சியிருக்கும் ஒரு பருத்தியை உருவாக்கினார். மாடு ஓரளவு தாங்கும் காசிபாலைக் கோழியும் மனிதரும் தாங்குவதில்லை. அந்தத் தடையை நீக்குவதே அவர் நோக்கம். 2019ல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அந்த விதையை மனிதர் உணவு, கால்நடைத் தீவனம் இரண்டுக்குமே ஏற்றது.

இந்தியாவில் கோடு புதிதாக வரையப்பட்டது 2021ல். வெளிநாட்டிலிருந்து உணவுக்காக வரும் 24 பயிர்களின் சரக்கு ஒவ்வொன்றும் மரபணு மாற்றப்படாதது என்ற சான்றோடு வரவேண்டும், தற்செயல் கலப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி அவ்வாண்டு மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சோயாவும் அந்தப் பட்டியலில் இருந்தது. அந்தக் கோடையில் சோயாப் பிண்ணாக்கின் விலை தாறுமாறாக ஏற, கோழிப் பண்ணையாளர்கள் தில்லியிடம் முறையிட்டார்கள். ஆகஸ்டில் மத்திய அரசு 12 லட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் பிண்ணாக்கை இறக்குமதி செய்ய அனுமதித்தது. அரைத்து எண்ணெய் எடுத்தபின் அதில் முளைக்கக்கூடிய உயிர் எதுவும் இல்லை, ஆகவே ஆட்சேபம் இல்லை என்பது சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிலை. முளைக்காது என்பது வயலைக் காக்கும் கேள்விக்கு விடை. உண்ணலாமா என்பது வேறு கேள்வி. அந்தப் பிண்ணாக்கைத் தின்ற கோழி இட்ட முட்டைக்கு யாரும் எந்தச் சான்றும் கேட்கவில்லை.